நனையாத ஆதாரக் கட்டு

வக்கீல் இஸ்ரவேல் ஐயா வீட்டுக் கருப்பட்டிக் காப்பியில் சுக்கு சரியான அளவில் விழுந்திருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு முறை போனேன். ஏழு முறையும் காப்பி கிடைத்தது, சொத்து ஆதாரம் கிடைக்கவில்லை.

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என் பெயர் தேவகனி. வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் கால்வாயில் முங்கி இறந்த ஜெபகுமாரி என் தங்கை. கால் வழுக்கி விழுந்தாள் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அது பொய்யில்லை. மீதியைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

எங்கள் அப்பா சத்தியநேசன் பக்கவாதத்தில் பதினோரு வருஷம் கிடந்தார். துடைத்ததும், புரட்டிப் போட்டதும், கஞ்சி புகட்டியதும் நான். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேருக்கும் அந்தக் கட்டிலைக் காட்டித்தான் பதில் சொன்னேன். தங்கை அதற்கு முந்தின வருஷமே, மணவாளக்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னுலிங்கத்தோடு போய்விட்டாள். அவர் அய்யாவழிக்காரர், நாங்கள் கிறிஸ்தவர்கள். அவள் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார் அப்பா. நான் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார். கடைசி இரண்டு வருஷம், முதுகுப் புண்ணுக்கு நான் மருந்து வைக்கும்போதெல்லாம் என்னை "ஜெபா" என்றே கூப்பிட்டார். நானும் "என்னப்பா" என்று கேட்டுக்கொண்டேன்.

இந்த ஐம்பத்துமூன்றாம் வருஷம் தை மாதம் அவர் இறந்தார். வீடும் தென்னந்தோப்பும் இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி என்று உயில் இருந்தது. உயிலும், வீடு தோப்புக்கான ஆதாரப் பத்திரங்களும் இஸ்ரவேல் ஐயாவிடம். அவர் தொழிலை விட்டு நாலு வருஷமாகிறது. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் தன் தோட்டத்தில் இருக்கிறார். தொழிலை விட்ட வக்கீலுக்கு அடுத்தவர் ஆதாரம் எதற்கு என்று கேட்டேன்.

"நீ கேக்கது நியாயந்தான் மக்கா. ஆனா ரெண்டுபேரும் சேந்து வந்தாத்தான் குடுப்பேன்னு உங்கப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். போய் அவளக் கூட்டிட்டு வா" என்றார்.

செத்த பிறகு எங்களைச் சேர்த்து வைக்க அப்பா செய்த ஏற்பாடு அது. உயிரோடு இருந்தபோது அவரே கூப்பிட்டிருக்கலாம். அந்த வேலையையும் என் தலையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது மாதம் வீம்பாக இருந்து பார்த்தேன். பிறகு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அது கிடைத்த மறுநாளே வடசேரியில் வந்து இறங்கினாள். என் கன்னத்தைத் தடவி, "மெலிஞ்சு போனியே எக்கா" என்று அழுதாள். ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறிப் போனோம்.

வக்கீல் ஐயா உயிலை வாசித்தார். அவர் முடிக்கும் முன்பே தங்கை சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம் அய்யா. அப்பாவுக்கு எல்லாம் செஞ்சது எக்காதான். எனக்குள்ளதையும் அவ பேருக்கே எழுதிருங்க. அடுத்த வாரம் வந்து ஒப்புப் போட்டுத் தாறேன்."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இளையவளானாலும் மனசு எவ்வளவு பெருசு, பாத்தியா தேவகனி?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆதாரக் கட்டை அவள் கையில் கொடுத்தார்.

பதினோரு வருஷம் நான் மலம் அள்ளிச் சம்பாதித்தது, அரை நிமிஷத்தில் அவள் எனக்குப் போட்ட பிச்சையாகிவிட்டது. நான் காப்பியைக் குடித்து முடித்தேன். ஐயாவுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு நாள் மழையில் கால்வாய் நிறைந்து ஓடியது. பாலம் என்று இரண்டு பனந்தடிகள்தாம். "நீ பாத்து நட எக்கா, இத நான் வச்சுக்கிடுதேன்" என்று ஆதாரக் கட்டை அவளே வைத்துக்கொண்டாள். நான் முன்னால் கடந்தேன். அவள் கரையை நெருங்கும்போது வழுக்கி விழுந்தாள்.

அடக்கத்தன்று பொன்னுலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளக் காப்பாத்த எவ்வளவு பாடுபட்டிருப்பீங்க மைனி" என்று அழுதார். வக்கீல் ஐயா ஆதாரக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உயிரு போற நேரத்திலயும் உனக்க ஆதாரத்த நனையாமக் காத்துத் தந்துட்டுப் போயிருக்காளே" என்றார். ஞாயிற்றுக்கிழமை போதகர் அதையே பிரசங்கமாக்கினார். இப்போது சந்தைக்குப் போனாலும், பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதே பேச்சு. செத்தும் அவள் பேர்தான் நிற்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பது?

ஆதாயத்துக்காக நான் எதுவும் செய்யவில்லை என்பதையும் எழுதுங்கள். அவள் ஒப்புப் போடாமல் போனதால் அவளுடைய பாதி அவள் மகளுக்குத்தான் போகும். போகட்டும்.

அவள் காத்துத் தரவில்லை, ஐயா. நடந்தது இதுதான். கரையோரத் தாழை வேர் ஒன்றை அவள் வலது கையால் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கழுத்துவரை. இடது கையில் ஆதாரக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கி என் பக்கம் நீட்டினாள். "எக்கா, பிடி" என்றாள்.

நான் குனிந்து கட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். வெறுமையான அந்தக் கை, விரல்களை விரித்தபடி அங்கேயே நின்றது. எனக்கு எட்டும் தூரந்தான். நான் நிமிர்ந்து நின்று பரமண்டல ஜெபம் சொன்னேன். அவசரப்படாமல், ஒரு வரி விடாமல் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்வதற்கு முன் வேர் பிடுங்கிக்கொண்டது.

பிடி என்றாள், பிடித்தேன். எதைப் பிடிக்க வேண்டும் என்று அவள் அல்லவா தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்?