றுஸ்னாவின் போனில் இருந்தது

பழுதான போனைக் கொண்டுவருகிறவர்கள் அதை அப்படியே தந்துவிடுவதில்லை. முந்தானையிலோ சாரத்திலோ ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார்கள், டொக்டரிடம் கொண்டுபோகிற பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவதுபோல. எனக்கு அது எப்போதும் பிடிக்கும். எங்கள் ஆட்கள் மானமுள்ளவர்கள்.

சாய்ந்தமருது பிரதான வீதியில் முஹ்ஸின் போன் கடை என்றால் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை தெரியும். அந்த முஹ்ஸின் நான்தான். துடைத்துத் தந்த கையோடு போனின் பூட்டைத் திறக்கும் இலக்கத்தையும் சொல்லிவிடுவார்கள். நான் கேட்க முன்பே சொல்கிறவர்களும் உண்டு. திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத் திறக்கத்தானே வேண்டும். அந்நிய ஆண் முன்னால் குரலைக்கூட உயர்த்தாத பெண்கள் தங்கள் போனைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போவார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

நான் உள்ளே பார்ப்பேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்களைப் பார்ப்பேன், அனுப்பிய செய்திகளை வாசிப்பேன். ஆனால் ஒரு படத்தையும் எனக்கென்று எடுத்துவைத்ததில்லை. யாரையும் மிரட்டியதில்லை. அதற்காக ஒரு சதம் கைநீட்டி வாங்கியதில்லை. அப்படிச் செய்கிற கழிசடைகள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிப்பார்கள். முன்பு அயல் வீட்டில் விசாரித்தார்கள், ஓதிக்கொடுத்த லெப்பையிடம் விசாரித்தார்கள். இப்போது என்னிடம் வருகிறார்கள். யார் தொடக்கிவைத்தது என்று ஞாபகமில்லை. சார்ஜர் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, அங்குமிங்கும் பார்த்து, குரலை இறக்கி, "அந்தப் புள்ளர போன் ஒங்கிட்ட வந்திரிக்கா தம்பி?" என்பார்கள்.

நான் விளக்கமாக ஒன்றும் சொல்வதில்லை. நல்ல பிள்ளை என்றால், "பிஸ்மி சொல்லித் தொடங்குங்க" என்பேன். இல்லையென்றால், "வேற இடமும் பாருங்க" என்பேன். அதற்கு மேல் ஒரு பெண்ணைப் பற்றி வாய் திறப்பது பாவம். அந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கின்றன. தப்பியது மாப்பிள்ளை வீடுகள் மட்டும்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவையும் குடும்பங்கள்தான்.

சீனிமுகம்மது காக்காவின் மகள் றுஸ்னா விசயமும் அப்படித்தான் வந்தது. காக்கா ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர். உழைத்ததையெல்லாம் கல்லும் சீமெந்துமாக்கி மகளுக்கு ஒரு வீடு எழுப்பியிருந்தார். பெண்ணுக்கு வீடில்லாமல் இங்கே கலியாணம் இல்லை, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். றுஸ்னா பாலர் பள்ளியில் படிப்பித்தாள். என் மகள் ஆகிலாவும் அவளும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள், வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். அப்ராஸ் என்ற இஞ்சினியர் தம்பிக்கு றுஸ்னாவைப் பேசி, காவின் எழுதிக் கலியாணத்தைப் பதிய நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவளுடைய போனில் சார்ஜ் ஏறவில்லை என்று காக்கா கொண்டுவந்து தந்தார். அவரும் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் தந்தார்.

திருத்தியபின் வழக்கம்போலப் பார்த்தேன். பிள்ளைகள் களிமண்ணில் செய்த ஆமை, பானை, பெயர் தெரியாத மிருகங்கள். வாப்பாவின் வள்ளம். பெருநாள் வட்டிலப்பம். பார்த்துக்கொண்டு போகும்போது அவற்றுக்கு நடுவே ஒரு பொடியன் வந்தான். ஒலுவில் துறைமுகத்தில் அலையைத் தடுக்கப் போட்ட கல்லணையில் இருந்து சிரிக்கிறான். நெற்றியில் திருநீற்றுக் கீற்று. தமிழாட்கள் இருக்கிற காரைதீவுப் பக்கமாக இருக்கலாம். அவனுடைய படங்கள் நிறைய இருந்தன. எனக்கு மனம் கனத்துவிட்டது. காக்காவை நினைத்துத்தான்.

பிறகு இன்னொரு படம் வந்தது. கறுப்பு அபாயாக் கை ஒன்று அந்தப் பொடியனுக்கு ஐஸ்கிறீம் நீட்டுகிறது. முகம் தெரியவில்லை. கையில் ஒரு மணிக்கூடு. அதன் பட்டி ஆண்கள் கட்டுகிற மண்ணிறப் பட்டி, நீளம் கூடியதென்று புதிதாக ஒரு துளை போட்டிருந்தது. துளை கொஞ்சம் கோணல். ஊசியைச் சூடாக்கி அந்தத் துளையைப் போட்டவன் நான். மணிக்கூடு என் மகள் ஆகிலாவுடையது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. புதுப்போனுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்குப் போட வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, கடைக்காரன்தான் போட்டுக்கொடுப்பான். பெருநாள் சனத்தில் ஆளுக்கொரு கணக்கு திறந்துகொண்டிருக்க ஏலாது. கடைக்கணக்கு ஒன்றையே வருகிற போனுக்கெல்லாம் போட்டுவிடுவேன். படம் சேமிக்கிற ஆப்பை மட்டும் நிறுத்திவிடுவேன். நிறுத்தாவிட்டால் ஒரு போனில் எடுக்கிற படம் அதே கணக்கிலுள்ள மற்றப் போனிலும் போய் நிற்கும். றுஸ்னாவும் ஆகிலாவும் ஒன்றாக வந்து ஒரே மாதிரிப் போன் எடுத்தார்கள். அன்று சனம் நெரித்தது, நிறுத்த மறந்துவிட்டேன். ஆகிலா எடுத்த படங்கள் றுஸ்னாவின் போனில் வந்து நின்றிருக்கின்றன. றுஸ்னா அந்த ஆப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாள்.

அடுத்த நாள் அப்ராஸின் உம்மா பாத்தும்மா ராத்தா கடைக்கு வந்தார். சார்ஜர் விலை கேட்டார்.

நான் அவசரப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். நன்றாக யோசித்தேன். நல்ல பிள்ளை என்று சொல்லி அனுப்பிவிடலாம்தான். படங்களை அழித்தும் விடலாம். ஆனால் றுஸ்னா எப்போதாவது அவற்றைப் பார்த்திருந்தால்? அந்த மணிக்கூட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகிலாவையும் அந்தப் பொடியனையும் யாராவது கல்லணையில் கண்டிருந்தால்? என்றைக்கோ ஒருநாள் கதை வெளியே வரும். அப்படி வரும்போது அதற்கு ஒரு சொந்தக்காரி ஏற்கெனவே இருந்துவிட்டால், ஊர் இன்னொருத்தியைத் தேடாது. இதைத் தகப்பனாக யோசித்தேன். உங்களுக்கும் பெண்பிள்ளைகள் இருந்தால் விளங்கும்.

"வேற இடமும் பாருங்க ராத்தா" என்றேன்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. "அல்லாவே, நாள் பாத்திட்டமே. அந்தப் புள்ளயா? ஒங்களுக்கு வடிவாத் தெரியுமா?"

ஆதாரமில்லாமல் கதைக்கிறவன் நானில்லை. இன்னும் கடையில் கிடந்த றுஸ்னாவின் போனைத் திருப்பிக் காட்டினேன். கல்லணையில் சிரிக்கிற படத்தை மட்டும். மணிக்கூட்டுப் படத்தைக் காட்டவில்லை. ராத்தா அந்தப் பொடியனின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். சார்ஜரை மறந்துவிட்டார்.

அவர் போனதும் அந்தப் பொடியனின் படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு போனில் அழித்தால் மற்றதிலும் அழியும், அது ஒரு வசதி. அன்று பின்னேரம் ஆகிலா தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நெடுநேரம் நின்றாள்.

சம்பந்தம் முறிந்தது. காரணம் ஊருக்குத் தெரிய அதிக நேரம் எடுக்கவில்லை. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாலர் பள்ளியில் றுஸ்னாவைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்கள். அவள் குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள் என்று கேள்விப்பட்டேன். அப்போது சீனிமுகம்மது காக்கா மறுபடியும் அந்தப் போனோடு கடைக்கு வந்தார். இந்தமுறை துடைக்கவில்லை.

"தம்பி, ஒங்கள நம்பித்தான் வந்திரிக்கன். புள்ள அப்படி ஒருத்தனத் தெரியவே தெரியாதெண்டு அழுறா. நானும் தேடிப் பாத்திட்டன், ஒரு படமும் இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

அது உண்மை. நான் சொன்னால் ஊர் கேட்கும். கடைக்குள் வேறு ஆட்களும் நின்றார்கள், எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். நான் போனை வாங்கித் திறந்து, ஆற அமரப் பார்த்தேன். களிமண் ஆமை இருந்தது. வள்ளம் இருந்தது. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"இப்ப ஒண்டும் இல்ல காக்கா" என்றேன். "அழிச்சிரிக்கி."

யார் அழித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சில நேரம் யோசிப்பேன். ஆனால் கேட்கவில்லை. காக்கா போனை எடுத்துக்கொண்டு இறங்கினார். கடலில் புயல் பார்த்த மனிதர், அன்று வீதியைக் கடக்கத் தெரியாமல் நின்றதைக் கண்டேன். அவர் வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அதுவரைக்கும் அவளை நம்பியது அவர் ஒருவர்தான்.

அந்தக் கிழமைக்குள் றுஸ்னாவை அவர்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தண்ணீர் அள்ளும்போது வழுக்கிவிட்டதென்று சொன்னார்கள், அப்படியே அடக்கினார்கள். நான் ஜனாஸாத் தொழுகையில் முன் வரிசையில் நின்றேன். கபுறடிக்கும் போய் மூன்று பிடி மண் போட்டேன். போகாமல் இருந்தால் அழகில்லை.

திரும்பி வந்தபோது ஆகிலா அறைக் கதவடியில் இருந்தாள். "வாப்பா," என்றாள், "அந்தப் படமெல்லாம் என்ட."

"என்ன படம்?" என்றேன்.

நான் அவளுடைய போனை வாங்கி, எல்லாவற்றையும் துடைத்து, புதுப்போன்போல ஆக்கிக்கொடுத்தேன். அந்தக் கடைக்கணக்கையும் அடியோடு மூடினேன். ஒரு நோய் வந்த வீட்டில் பாயை எரிக்கிறதில்லையா, அப்படித்தான். அந்தப் பொடியன் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவன் பெயரை நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

காக்கா பின்னும் ஒருமுறை வந்தார். றுஸ்னா கிணற்றில் விழுந்தபோது போனும் கையில் இருந்திருக்கிறது. அதைக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். "இதில உள்ள படங்கள எடுக்கேலுமா தம்பி? புள்ளர முகம் வேற ஒண்டிலயும் இல்ல. படம் எடுக்கிறதெல்லாம் அவதான், ஆரு அவவ எடுத்த? அவ தன்னத்தானே எடுத்ததுதான் இதில." நான் கணக்கை மூடாமல் இருந்திருந்தால் எல்லாம் அங்கே இருந்திருக்கும். "ஏலா காக்கா" என்றேன். அவர் போனைத் திருப்பி வாங்கி, சாரத்தில் துடைத்து, மடியில் செருகிக்கொண்டார். இப்போது கடலுக்குப் போவதில்லை என்கிறார்கள்.

பாத்தும்மா ராத்தா ஆகிலாவைப் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பின்தான். அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. "ஒங்கட வீட்டப் பத்தி ஆருட்டப் போய்க் கேக்கிற?" என்று சிரித்தார். அப்ராஸ் தங்கமான பிள்ளை. நான் அவரை எதிர்பார்த்து எதையும் செய்யவில்லை, அல்லாஹ் கொண்டுவந்து தந்தான். ஆகிலா மாட்டேன் என்று சொல்லவில்லை. உம் என்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் சம்மதம் சொல்வார்கள். காவினும் எழுதியாயிற்று.

ஊரில் என்மேல் மதிப்புக் கூடியிருக்கிறது. பெண்பிள்ளைகள் போனைப் பாவிக்கும் ஒழுக்கம் பற்றிப் பேச வரச்சொல்லி ஒரு பாடசாலையில் கேட்டார்கள். போய்ப் பேசினேன். நல்லாய் இருந்தது என்றார்கள். விசாரிக்க வருகிறவர்களும் குறையவில்லை. நேற்றும் ஒருவர் சார்ஜர் விலை கேட்டார்.

எனக்கு நெஞ்சில் பாரம் என்று ஒன்றும் இல்லை. நான் இட்டுக்கட்டவில்லை. றுஸ்னாவின் போனில் என்ன இருந்ததோ அதைத்தான் காட்டினேன், இல்லாதபோது இல்லை என்றுதான் சொன்னேன். அவளைக் கிணற்றடிக்கு அனுப்பியது நான்தான் என்று நீங்கள் சொன்னால், அதையும் மறுக்கப்போவதில்லை. என் பிள்ளை அங்கே போகாமல் இருக்க, யாரோ ஒரு பிள்ளை போக வேண்டியிருந்தது.

ஆகிலாவுக்கு நான் கட்டிக்கொடுத்த வீடு எங்கள் மதிலுக்கு அடுத்த பக்கம். கலியாணத்துக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. போய்த் தட்டினாலும் கதவு திறப்பதில்லை. நான் தினமும் அவளுடைய போனுக்குக் கோல் எடுக்கிறேன், மணி அடிப்பது மதிலுக்கு மேலால் எனக்கே கேட்கிறது, அவள் எடுப்பதில்லை. போனில்தான் ஏதோ பழுது. கொண்டுவந்து தரச்சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன், திறந்து பார்க்க வேண்டும்.