கை காட்டினேன்

இல்லம்மா, அது வேற கதவு. அது ஜட்ஜய்யா போற வழி. உன்ன இங்கேருந்துதான் கூப்பிடுவாங்க, டவாலி வந்து பேரச் சொல்லிக் கத்துவாரு. உக்காரு. அந்த ஓரம் வேணாம், ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, துணியக் கிழிச்சிடும். இப்பிடி என் பக்கத்துல வா.

சாட்சி சொல்லத்தானே வந்திருக்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. தண்ணி குடிச்சியா? குடிச்சுக்க. உள்ள போனா நாக்கு ஒட்டிக்கும்.

எனக்கா? இன்னிக்கு கேஸ் ஒண்ணும் இல்ல. என் கேஸ்தான் ரெண்டு தடவ முடிஞ்சிடுச்சே. இங்க ஜெயிச்சேன், மேல் கோர்ட்ல தோத்தேன். இந்த ஜட்ஜய்யாவ ஒரே ஒரு வார்த்த கேக்கணும்னு வந்தேன்.

தையல் கம்பெனி ஒண்ணு தீப்பிடிச்சுதே, கேள்விப்பட்டிருப்ப. ஆமா, அதேதான். கீழ பேக்கிங், மாடியில தையல். நான் கீழ. என் பொண்ணு மாடியில, காலர் தைக்கிற மிஷின்ல. ஒரே பொண்ணு. இல்லம்மா, வரல. மாடியிலேருந்து யாருமே வரல.

பின்பக்கம் ஒரு படி உண்டு. ஷிப்டு முடியறதுக்கு முன்னாடியே பொண்ணுங்க அந்த வழியா நழுவுதுங்கன்னு கதவப் பூட்டிட்டாங்க. பூட்டினத நான் பாத்தேன். வெட்டுத்துணிய மூட்டை கட்டி வெளில போட வந்தேனா, சூப்பர்வைசர் பூட்டப் போட்டு, ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு, சாவிய சட்டைப்பையில போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போறாரு. அப்புறம்தான் புகை. வேணாம்மா, அதுக்கு மேல சொல்ல மாட்டேன். நீ சாட்சி சொல்லப் போறவ.

என்ன, அவரு இவருன்னு மரியாதையாப் பேசறேனா? பழக்கம்மா. நாக்கு திருந்த மாட்டேங்குது.

இதே கோர்ட்தான். மொதலாளி, மேனேஜர், சூப்பர்வைசர், மூணு பேரும் வரிசையா நின்னாங்க. நான் பூட்டலன்னு மூணு பேரும் சாதிச்சாங்க. பாத்தவ நான் ஒருத்திதான். அரசாங்க வக்கீல் எந்திரிச்சு, யாரும்மா பூட்டினதுன்னாரு. வாயத் தொறந்தேன், வரல. கைய நீட்டி, இவருதான்னேன். போதும்மா, இறங்குங்கன்னுட்டாரு.

ஜட்ஜய்யா கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு என் விரல் போன பக்கமே பாத்தாரு. சூப்பர்வைசர் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கோர்ட்ல இருந்த அத்தன பேரும் பாத்தாங்க, டைப் அடிக்கிற அம்மா மட்டும் பாக்கல. அவங்க என்ன பண்ணுவாங்க, வாயிலேருந்து வர்றததான அடிக்கணும். விரலுக்கு எந்த எழுத்த அழுத்துவாங்க? சாட்சி இன்னாரக் காட்டறாங்க, எழுதிக்குங்கன்னு வக்கீல்தான் எடுத்துச் சொல்லணுமாம். மறந்துட்டாராம். சாப்பாட்டு நேரமாச்சே, பசி.

அப்புறம் படிச்சுக் காட்டி எங்கிட்ட கையெழுத்து கேட்டாங்க. இவர்தான்னு இருந்துது. நான் சொன்னதுதானன்னு போட்டுட்டேன்.

இந்த ஜட்ஜய்யா சூப்பர்வைசருக்குத் தண்டனை குடுத்தாரு. மத்த ரெண்டு பேரையும் விட்டுட்டாரு. சூப்பர்வைசர் அப்பீல் போனாரு. எனக்கு பயமே இல்ல தெரியுமா? மேல் கோர்ட்னா இன்னும் பெரியவங்க, இன்னும் பொறுமையாக் கேப்பாங்கன்னு நெனச்சேன். இங்க திக்கினத அங்க திக்காமச் சொல்லணும்னு வழியெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே போனேன். போனா, அங்க சாட்சிக் கூண்டே இல்லம்மா! நான் எங்க நிக்கணும்னு கேட்டேன், அங்க இருந்தவங்க சிரிச்சிட்டாங்க.

அங்க யாரையும் கேக்க மாட்டாங்களாம். கீழ என்ன பதிவாச்சோ அதப் படிச்சு, கீழ் கோர்ட் சரியாப் பண்ணுச்சா தப்பாப் பண்ணுச்சான்னு பாக்கறதுதான் அவங்க வேலை. எதிர் வக்கீல் நிதானமா கேக்கறாரு, இவர்னா எவர்? மூணு பேர் நின்னாங்களே? மேல இருந்த ஜட்ஜுங்களும் பக்கத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறாங்க. எனக்குத் தாங்கல. எந்திரிச்சு, இந்தா உக்காந்திருக்காரே இவர்தான்யான்னு கத்தி மறுபடியும் கைய நீட்டிட்டேன். போலீஸ்காரம்மா தோளப் புடிச்சு உக்கார வச்சிட்டாங்க. அதயும் யாரும் எழுதிக்கல.

சாட்சி தெளிவா அடையாளம் காட்டினாங்கன்னு இந்த ஜட்ஜய்யா தீர்ப்புல எழுதியிருந்தாராம். சாட்சியத்துல இல்லாதது தீர்ப்புல எப்பிடி வந்துதுன்னு அவருக்கே திட்டு. விடுதலைன்னுட்டாங்க.

அதான் காலையிலயே வந்து நின்னேன். ஐயா, நீங்க கண்ணால பாத்தீங்கல்ல, மேல போய் அத மட்டும் சொல்லிடுங்கன்னு கேக்க. எதிர்லயே வந்தாரு. என்னைய அடையாளம் தெரிஞ்சுது, நடையே தயங்கிச்சு. ஆனா நிக்கல. அப்பிடியெல்லாம் அவரு போய்ச் சொல்ல முடியாதும்மா, சட்டத்துல இடமில்லன்னு டவாலிதான் வந்து சொன்னாரு. விரலே போதும்னு நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாங்க.

நீயும் அததான் கேக்கற. பேரச் சொல்லியிருக்கலாமேன்னு.

பொறந்ததுலேருந்து அவர நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லம்மா. சூப்பர்வைசர்னு இப்ப உங்கிட்ட சொல்ற வார்த்த அன்னிக்கு ஞாபகத்துக்கே வரல. சரி, கூப்பிடற மொறையச் சொல்லுவோம்னு பாத்தேன். என் பொண்ணப் பூட்டி வச்சவர, அந்தக் கூண்டுல நின்னுக்கிட்டு, அண்ணன்னு எப்பிடிச் சொல்றது?

ஆமா, கூடப்பொறந்தவரு. அப்பா போனதுக்கப்புறம் என்ன வளத்தவரு. வா மருமகளேன்னு என் பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் மிஷின்ல உக்கார வச்சவரு. இங்க அவரு தலையக் குனிஞ்சப்போ, சரி, அண்ணன் ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். அத வச்சுத்தான் கொஞ்ச நாள் சோறு எறங்கிச்சு. மேல, எவர்னு அவரு வக்கீல் கேக்கறப்போ எனக்கு முன் வரிசையிலதான் உக்காந்திருந்தாரு. தலை நிமிந்தே இருந்துது. நான் அந்தப் பொடனியவே பாத்துக்கிட்டு இருந்தேன்.

தோ, உன்னத்தான் கூப்பிடறாங்க. போ, பைய நான் பாத்துக்கறேன். யாரா இருந்தாலும் பேரச் சொல்லு, என்ன?

நான் எப்பிடி வீட்டுக்குப் போவேனா? வண்டி நிக்குது. நான் இங்க வந்திருக்கேன்னு அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. காலையிலேருந்து வாசல்ல நிக்கறாரு. வெயிலா இருக்கு, ஏறிக்க தங்கச்சி, வீட்ல விட்டுடறேங்கறாரு.