முதலைத்தோல் தோசை

மெர்சி: சாக்க எடுங்கன்னா எடுங்க. பாய் வர்ற நேரத்துல கல்லுக்கு இன்னா முக்காடு?

ஜோசுவா: இரு இரு... திடுதிப்புனு தெறந்தா எப்டி? ஒன், டூ, த்ரீ சொல்லி...

மெர்சி: ரிப்பன் வெட்ட மினிஸ்டர கூப்டலாமா?

ஜோசுவா: பண்ணு, கிண்டல் பண்ணு. பார்த்தா அசந்துடுவ. ஒரே நேரத்துல ஆறு தோசை ஊத்தலாம். ஆம்பூர்ல எந்த ஓட்டல்லயும் இந்த மாதிரி கல்லு கெடையாது.

மெர்சி: அதத்தான் ஒரு வாரமா சொல்லிட்டு இருக்கீங்க. எங்க வாங்குனீங்கன்னா மட்டும் வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க.

ஜோசுவா: சொன்னேனே, பேரணாம்பட்டுல பழைய இரும்புக் கடையிலன்னு. இந்தா... பாரு!

மெர்சி: ...

ஜோசுவா: வாயடைச்சுப் போச்சா?

மெர்சி: ஏங்க... மேல இன்னாங்க இது, கட்டம் கட்டமா?

ஜோசுவா: கட்டமா? எங்க... ஐயோ.

மெர்சி: ஆட்டுத்தோல முதலைத்தோலா காட்டறதுக்கு டேனரியில அழுத்துவாங்களே, அந்த ப்ளேட்டு தான இது?

ஜோசுவா: அதே தான்... ஆனா டிசைன் அடியில இல்ல இருக்கணும்? மழமழன்னு இருக்கற பக்கம் தான மேல...

மெர்சி: அப்போ முதலை எப்டி மேல வந்துச்சு? நீந்தி வந்துச்சா?

ஜோசுவா: இரு, யோசிக்க வுடு. நேத்து யாசிர் பட்டறையில கால் வெல்டு பண்ணேன். ப்ளேட்ட தரையில கவுத்துப் போட்டு...

மெர்சி: எந்தப் பக்கத்த கவுத்தீங்க?

ஜோசுவா: டிசைன் பக்கத்த தான். ப்ளேட்ட எங்க எறக்கி வெச்சாலும் கம்பளிய விரிச்சு டிசைன் கீழ இருக்கற மாதிரி தான் வைக்கணும். ஒரு பொட்டு கீறல் வுழக்கூடாது. நான் வேலைக்கு சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தது. கை அதுவா வெச்சிருச்சு மெர்சி.

மெர்சி: முதுகுல கால வெச்சு ஒட்டிட்டீங்க.

ஜோசுவா: ம்.

மெர்சி: ஒட்டி முடிச்சு நிமித்திப் பார்க்கலியா?

ஜோசுவா: கால் மேல இருக்கற மாதிரியே டெம்போல ஏத்தி, அப்டியே சாக்கு கட்டி... இங்க வந்து தான் நிமித்துனேன். சாக்கோட.

மெர்சி: தோல் கம்பெனி மெக்கானிக் வீட்டுத் தோசைக்கல்லு. வேற எப்டி இருக்கும்!

ஜோசுவா: சிரிக்கறியா, அழுவுறியா?

மெர்சி: எனக்கே தெரியல. ஏங்க, இன்னிக்கு இன்னா நாளு? லியாகத் அலி பாய் சாப்ட்டுப் பார்த்துட்டு தான அவரு கடை வாசல நமக்கு சாயங்காலத்துல வுடலாமா வேணாமான்னு சொல்லப் போறாரு? அவரு சரின்னா பைபாஸ் ஓரத்துல எனக்குன்னு ஒரு கடை. இல்லன்னா கண்ணு அவியற வரைக்கும் ஷூ கம்பெனியில மேல்தோலு தச்சுட்டு உக்காரணும்.

ஜோசுவா: வுடு, பாய் ஒத்துக்குவாரு.

மெர்சி: உங்களுக்கு எப்டி தெரியும்?

ஜோசுவா: மனசு சொல்லுது.

மெர்சி: அந்த மனசு நேத்து வெல்டிங் பண்றப்போ எங்க போச்சு?

ஜோசுவா: சரி, யாசிர கூப்பிடவா? கட்டர எடுத்துட்டு வந்தான்னா கால வெட்டி, திருப்பி...

மெர்சி: ஞாயித்துக்கெழம சாயங்காலம் யாசிர் எங்க இருப்பான்? கிரிக்கெட்டு. ஒண்ணும் வெட்ட வேணாம். வெறக பத்த வைங்க. சுத்தமா தேய்ச்சீங்களா, அதாவது சொல்லுங்க.

ஜோசுவா: கால் ஒட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் நெருப்புல பழுக்கக் காய வெச்சு, மணல் போட்டு, புளி போட்டு தேய்ச்சு, எண்ணெய் காட்டி... நம்ம வூட்டு சட்டிய வுட சுத்தம்.

மெர்சி: என் சட்டிய இழுக்காதீங்க. மாவ குடுங்க.

ஜோசுவா: உன் வெரல்ல இன்னா, கொப்புளமா?

மெர்சி: நேத்து கம்பெனியில மிஷின்ல பட்டுச்சு.

ஜோசுவா: தையல் மிஷின்ல எப்டி சுடும்?

மெர்சி: மோட்டாரு சூடு. இப்ப அதுவா முக்கியம்? வெங்காயத்த பாதியா வெட்டி எண்ணெயில தொட்டு நல்லா தேய்ங்க. கட்டத்துக்குள்ள எறங்கணும்.

ஜோசுவா: தேய்ச்சாச்சு. ஊத்து... ஹா, வட்டம் பாரு வட்டம்!

மெர்சி: வட்டம் இருக்கட்டும், எடுத்துக் காட்டுங்க.

ஜோசுவா: ...வர மாட்டேங்குது.

மெர்சி: கரண்டிய சாச்சு வுடுங்க.

ஜோசுவா: வருது வருது... கிழிஞ்சிடுச்சு. கட்டத்துக்குள்ள மாவு பூந்துக்குச்சு மெர்சி. இது வேலைக்கு ஆவாது. உள்ள கேஸ் அடுப்புல நம்ம பழைய கல்லுலயே...

மெர்சி: கடைக்கு கேஸ் அடுப்பயும் அந்த சின்னக் கல்லையும் தூக்கிட்டு போவீங்களா? தள்ளுங்க. மெல்லிசா இழுத்தா தான உள்ள போயி புடிச்சுக்குது? இழுக்கவே வேணாம். ஒரு கரண்டி மாவு, அப்டியே ஊத்தி வுட்டுடறேன். தடியா. மேல அந்த அலுமினிய மூடிய கவுங்க.

ஜோசுவா: தீ ஜாஸ்தியா இருக்குதே.

மெர்சி: வெறக எல்லாம் எடது பக்கம் தள்ளுங்க. அந்தப் பக்கம் கொதிக்கட்டும், இந்தப் பக்கம் கம்மியா இருக்கட்டும். பெரிய கல்லுல அதான் வசதி. அங்க வேவறது, இங்க சூடு ஆறாம காத்திருக்கறது.

ஜோசுவா: ஆஹா... இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?

மெர்சி: யூட்யூப். மூடிய எடுங்க... சும்மா ஒரு ஓரத்துல கரண்டி குடுங்க...

ஜோசுவா: ஏய்! வந்துடுச்சு!

மெர்சி: திருப்புங்க, திருப்புங்க!

ஜோசுவா: மெர்சி... இங்க பாரு.

மெர்சி: அம்மாடி.

ஜோசுவா: கட்டம் கட்டமா செவந்து... அச்சு அசல் முதலை!

மெர்சி: அழகா இருக்குதுங்க. சத்தியமா அழகா இருக்குது. பிட்டு வாயில போடுங்க.

ஜோசுவா: ம்ம்... மேடெல்லாம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி. எண்ணெய் பள்ளத்துல நின்னுட்டு வறுத்துருக்கு. இன்னொரு பிட்டு குடு.

மெர்சி: பாய்க்கு வேணும், கைய எடுங்க. இப்ப யோசிங்க. இந்தக் கல்லுக்கு எது எது ஒத்து வரும்?

ஜோசுவா: ஈரல் போடலாம். மிளகு தூக்கலா.

மெர்சி: போடலாம். கொழுப்பு வழிஞ்சு ஓடாம பள்ளத்துல நிக்கும், ஈரல் காயாது.

ஜோசுவா: கறி பாய் சாப்படற மாதிரி...

மெர்சி: பெரிய மசூதி பக்கத்துல வாங்கிட்டு வந்தேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? அப்புறம் கத்திரிக்கா. வட்ட வட்டமா வெட்டி, புளியும் மிளகாத்தூளும் தடவி சுட்டுடறேன்.

ஜோசுவா: பிரியாணிக்கு தொட்டுக்கற கத்திரிக்காய கல்லுல சுடுவியா? ஆம்பூர்ல நம்மள வெச்சு செய்வாங்க.

மெர்சி: தின்னுட்டு செய்யட்டும். மத்தியானம் மிச்சம் ஆன பிரியாணிய கொட்டி, நாலு முட்ட ஒடச்சு ஊத்தி கொத்தித் தரேன், அப்ப பேசுங்க. சீரகசம்பா ஒண்ணொண்ணா வறுபட்டு நிக்கும்.

ஜோசுவா: மீனு?

மெர்சி: காவேரிப்பாக்கத்து ஏரி மீனு கெடைச்சா ஃப்ரைடே ஸ்பெஷல். மீனுக்கு மேல முதலைத் தோலு!

ஜோசுவா: பிள்ளைங்களுக்கு இனிப்பா ஏதாவது... ஆற்காட்டு மக்கன் பேடாவ கல்லுல போட்டு சூடு பண்ணா?

மெர்சி: ஆற்காட்டுக்காரங்க பஸ் ஏறி வந்து ஒதைப்பாங்க. வாழப்பழத்த நீளமா வெட்டி வெல்லம் தூவி ஓரத்துல வைங்க, போதும்.

ஜோசுவா: சரி, முட்ட லாபா? வீசுன மாவுல முட்டைய வெச்சு மடிச்சா பாய்க்கு உசுரு. ஆனா உனக்கு மாவ வீச வராதே...

மெர்சி: தள்ளி நில்லுங்க. இப்ப பாருங்க.

ஜோசுவா: ...

மெர்சி: இன்னா, வாயடைச்சுப் போச்சா?

ஜோசுவா: கைக்குட்ட மாதிரி வீசற! போன மாசம் வீசுனப்ப மாவு ஃபேன்ல மாட்டிக்குச்சே?

மெர்சி: அதான் சொன்னேனே, யூட்யூப்.

ஜோசுவா: யூட்யூப் பார்த்தா கை இப்டி திரும்புமா? எனக்கு என்னமோ...

மெர்சி: பாங்கு சொல்றாங்க! தொழுதுட்டு நேரா வந்துடுவாரு. ஈரல எடுங்க, முட்டைய எடுங்க, சேர எடுத்துப் போடுங்க... பாய் இன்னா சொல்வாரோ, பயமா இருக்குதுங்க.

ஜோசுவா: ஏய், எதுக்கு பயப்படற? இல்லன்னு சொன்னா நாளைக்கு எப்பவும் போல கம்பெனிக்குப் போ. அவ்ளோ தான?

மெர்சி: ...ம். அவ்ளோ தான்.

லியாகத் அலி: ஜோசுவா! இன்னாப்பா, தெரு முனையிலருந்து வாசனை கைய புடிச்சு இழுத்துட்டு வருது!

ஜோசுவா: வாங்க பாய், வாங்க. உக்காருங்க.

மெர்சி: வாங்க பாய். அக்கா வரலியா?

லியாகத் அலி: புஷ்ரா வாணியம்பாடி போயிருக்கா, பொண்ணு வூட்டுக்கு. நான் தனி ஆளு. குடும்மா, இன்னா இருக்குதோ எல்லாம் குடு.

மெர்சி: மொதல்ல தோசை பாய். வந்து... கல்லுல ஒரு சின்ன...

லியாகத் அலி: இது இன்னாம்மா, தோசையா, பர்ஸா?

ஜோசுவா: அது வந்து பாய்...

லியாகத் அலி: இரு, சாப்டறப்ப பேசாத.

மெர்சி: உப்பு சரியா இருக்குதா பாய்?

லியாகத் அலி: ம், தண்ணி குடு.

மெர்சி: காரம் ஜாஸ்தியா?

லியாகத் அலி: அந்த ஈரல இந்தப் பக்கம் தள்ளு.

ஜோசுவா: லாபா இருக்குது பாய். கொத்துன பிரியாணி இருக்குது.

லியாகத் அலி: ஒண்ணொண்ணா வா. நான் எங்கயும் ஓடல. கத்திரிக்காய கல்லுல சுட்டது யாரு ஐடியா?

மெர்சி: என்னுது தான் பாய்.

லியாகத் அலி: எங்க வூட்ல சொல்லிடாத. நாளையிலருந்து புஷ்ரா செய்யறது தொண்டையில எறங்காது.

மெர்சி: அப்போ... புடிச்சிருக்குதா பாய்?

லியாகத் அலி: புடிக்கறதாவது! இன்னொரு தோசை போடு. எனக்கு வேற ஒரு சந்தேகம்... ஆ, பார்த்தியா, இதுலயும் இருக்குது!

மெர்சி: இன்னா பாய், முடி கிடியா?

லியாகத் அலி: இல்லம்மா. இந்த எடத்துல ஒரு கட்டம் பாதி தேஞ்சு இருக்குது பாரு. மொத தோசையிலயும் இதே மாதிரி. இது எங்க பழைய டேனரி முதலை! மிஷின்ல ஒரு நட்டு வுழுந்து நசுங்குன கட்டம். அப்ப இருந்த மெக்கானிக்க எங்க அத்தா அன்னிக்கு முழுக்க திட்டுனாரு.

மெர்சி: உங்க டேனரிதா? இவரு பேரணாம்பட்டு இரும்புக் கடையில வாங்குனேன்னாரே?

லியாகத் அலி: பேரணாம்பட்டா? கடை சாவி வாங்க வந்தப்ப என் கோடவுன்லருந்து தூக்கிட்டுப் போனானே!

ஜோசுவா: பாய், சட்னி... இன்னும் கொஞ்சம் சட்னி போடவா?

மெர்சி: எந்தக் கடை சாவி?

ஜோசுவா: சட்னி நல்லா இருக்குது பாய்...

மெர்சி: நீங்க சும்மா இருங்க. பாய், எந்தக் கடை சாவி?

லியாகத் அலி: ஐயையோ. நீ சொல்லலியாப்பா? என் கடை தாம்மா. அஞ்சு மணிக்கு மேல வாசல நீங்க எடுத்துக்கோங்கன்னு அப்பவே சாவி குடுத்துட்டேனே. பலகைக்கு பெயிண்ட் கூட அடிச்சு வெச்சிருக்கான்.

மெர்சி: அப்போ இன்னிக்கு நீங்க வந்தது... சாப்ட்டு பார்த்து முடிவு சொல்ல?

லியாகத் அலி: உங்க வூட்ல சமையல் இல்ல, வந்து சாப்டுங்க பாய்ன்னு கூப்ட்டான். வந்தேன். இதுல முடிவு இன்னா இருக்குது?

மெர்சி: காலையிலருந்து எனக்கு இதே நெனப்பு! ஆராதனையில ஒரு பாட்டு கூட பாடல நானு. இவரு பக்கத்துல நின்னுட்டு ‘மனசு சொல்லுது’ங்கறாரு! அந்தக் கரண்டிய குடுங்க இப்டி.

ஜோசுவா: பாய், நடுவுல வாங்க!

லியாகத் அலி: நான் லாபா சாப்ட்டுட்டு இருக்கேன்.

ஜோசுவா: மெர்சி, கேளு. அன்னிக்கே சொல்லியிருந்தா நீ மறுநாளே வேலைய வுட்டுருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? கல்லு சரியா வரணும், உனக்கு கை படியணும், நாலு பேரு நல்லா இருக்குதுன்னு சொல்லணும். அப்புறம் நிதானமா வுடலாம்னு தான்... பொய் சொல்லணும்னு இல்ல. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு இல்ல? முதலையே மேல வந்து நமக்கு போர்டு எழுதிக் குடுத்துருச்சு. நாளைக்கே போயி வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துடு. இனிமே ஊசி, நூலு, ஷூ எதுவும் வேணாம். இன்னா, இன்னும் கோவமா?

மெர்சி: நாளைக்கு எழுதிக் குடுக்க முடியாதுங்க.

ஜோசுவா: ஏன், சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவாளா?

மெர்சி: இல்ல... வெள்ளிக்கெழமையே எழுதிக் குடுத்துட்டேன். நேத்து டிபன் பாக்ஸ தூக்கிட்டுப் போனது கம்பெனிக்கு இல்ல, லாபா போடற ஷஹீன் பானு அக்கா வூட்டுக்கு, மாவு வீச கத்துக்க. கையச் சுட்டதும் அங்க தான். பாய் மட்டும் இன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தா, நாளைக்கு அந்த டிபன் பாக்ஸோட எங்க போயி உக்கார்றதுன்னு தான் காலையிலருந்து பயந்துட்டு இருந்தேன்.