முட்டை எழுத்து

கணினியில் மொழி மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. அமைப்புகளுக்குள் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை அணைத்துப் போட்டால் முடிந்தது. நாலு நிமிட வேலை.

எங்கள் ஆலையில் மருத்துவமனைத் துணிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவோம். ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய அறை. குறித்த நேரத்தில் கதவு தானாக மூடி நீராவி பாயும். உள்ளே ஆள் இருந்தால் திரையில் நிறுத்த வேண்டும். அது என் மாமனாரின் வேலை. மேற்பார்வையாளர் என் அண்ணன். கணினிகள் என் பொறுப்பு.

மாமனாருக்கு ஆங்கிலம் சுட்டுப்போட்டாலும் வராது. நிறுத்தும்போது திரை கேட்கும் கேள்வியைப் பதினோரு வருடமாக அவர் படித்ததே இல்லை. முட்டை மாதிரி எழுத்தில் தொடங்கும் பொத்தானை அழுத்துவார். ஒருநாளும் பிசகியதில்லை.

அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இங்கிலீஷ் தெரியாதவர வச்சுக்கிட்டு நான் மாரடிக்கணுமா? அடுத்த மாசம் கெளம்பட்டும்." நான் வாயைத் திறந்தேன். "நீ பேசாத. உனக்கு வேல வாங்கிக் கொடுத்ததே நான்" என்றான். அவன்மேல் ஆத்திரம்தான். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

புதன்கிழமை திரையைத் தமிழுக்கு மாற்றினேன். மாமனார் எழுத்துக்கூட்டிப் படித்துக் கண் கலங்கினார். "இத்தன வருஷம் குருடனா இருந்திருக்கேன் மாப்ள. இனிமே படிச்சுப் பாத்துத்தான் அழுத்துவேன்."

அவர் போனபின் அறையைக் காலியாக வைத்துச் சோதித்தேன். 'தொடக்கத்தை ரத்து செய்யவா?' என்றது திரை. கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து செய்'. நானே 'ரத்து செய்' என்பதைத்தான் அழுத்தினேன். ரத்துதான் ரத்தானது. கதவு மூடி நீராவி பாய்ந்தது. ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான்; அங்கே 'சரி' இருந்த இடத்தில் முட்டை எழுத்து 'OK'. அவர் அதைப் படித்ததில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மறுநாள் வியாழன். வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு அண்ணன் நீராவி அறைக் கதவின் ரப்பர் வளையத்தைப் பார்க்க உள்ளே போவான். அது எனக்குத் தெரியும்.

மாமனார் நிதானமாகப் படித்துவிட்டு 'ரத்து செய்' என்பதை அழுத்தினார். அண்ணன் உள்ளிருந்து கதவைத் தட்டியது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நிற்கும்வரை துடைத்தேன்.

பழி மாமனார் தலையில் விழுந்தது. "படிச்சுத்தானே மாப்ள அழுத்துனேன்?" என்று சிறையில் கேட்கிறார். அவர் வேலையைக் காப்பாற்றத்தான் நினைத்தேன், நம்புங்கள்.

இப்போது அண்ணன் நாற்காலியில் நான் இருக்கிறேன். உட்கார்ந்த அன்றே திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். இன்னொரு உயிர் போகக் கூடாது பாருங்கள்.