பதினேழுக்குப் பசிக்கலை

— வேண்டாம்னு சொல்லிடுடா. உன் வாயால ஒரே ஒரு தடவை சொல்லிடு, போதும்.

— அக்கா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளன்னைக்கு ஆபரேஷன். இப்ப வந்து வேண்டாம்னு சொல்லுங்கற!

— நாளன்னைக்குத்தானே. கையெழுத்துப் போட்டவன் கடைசி நிமிஷத்துலகூட மாத்திச் சொல்லலாம்னு அந்தச் சம்மதத் தாள்லயே எழுதியிருக்கு.

— அதைப் படிச்சுட்டு வந்தியா? அஞ்சு வருஷமா இந்த டயாலிசிஸ் மெஷின்கூட குடும்பம் நடத்துறேன். வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம். பஸ் ஸ்டியரிங் பிடிச்ச கை இது, பாரு, கயிறு கயிறா வீங்கிக் கிடக்கு. ஊசி சொருக இதுதான் கடைசி நரம்புன்னுட்டாங்க. இதுவும் அடைச்சா ஆளு காலி.

— தெரியும்டா.

— தெரிஞ்சுக்கிட்டே பேசுற. பன்னி கிட்னிக்கு என் பேரைச் சேத்துவிட்டதே நீதானே? அந்த ஆராய்ச்சிக்கூடத்துல பன்னிக் கொட்டடி கழுவுற ஆளு நீ, பெரிய டாக்டர் காரை மறிச்சு, 'என் தம்பியைக் காப்பாத்துங்க'ன்னு ரோட்டுல உக்காந்து அழுத. வாட்ச்மேன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

— அழுதேன். அப்ப உனக்குன்னு குறிச்ச பன்னி பொறந்த குட்டி. எனக்கு அது வெறும் பதினேழாம் நம்பர்.

— இப்ப மட்டும் என்னவாம், உன் அத்தை மகளா?

— சிரிக்காதடா. அது பாவம். பத்து இடத்துல அதோட ஜீனை மாத்தியிருக்காங்க. உன் உடம்பு அதை வேத்தாளுன்னு விரட்டக் கூடாதுன்னு மனுசனோடதைக் கொஞ்சம் சேத்திருக்காங்க. பெருசா வளரக் கூடாதுன்னு ஒண்ணைப் பிடுங்கிட்டாங்க. தாய் வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க, ஒரு சொட்டுப் பால் குடிக்க விடலை, கிருமி ஒட்டிக்குமாம். மண்ணைக் கண்ணால பாத்ததில்லை. ஆனா நாள் முழுக்க சிமெண்டுத் தரையை மூக்கால தோண்டுதுடா. தோண்டித் தோண்டி மூக்குத் தோல் உரிஞ்சு கிடக்கு. மண்ணுன்னு ஒண்ணு இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னா? அதை மட்டும் பிடுங்க மறந்துட்டாங்க.

— ஏன், நீ கறிக்கடைப் பக்கமே போனதில்லையா?

— போயிருக்கேன். அது வேற.

— என்ன வேற? தின்னு ஏப்பம் விட்டா நியாயம், உசுரு பொழைச்சா பாவமா?

— கறிக்கு வளக்குறது பன்னியாப் பொறந்து பன்னியாவே சாவுது. இது உனக்குன்னே செஞ்சது. அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி. அப்படிச் செய்ய நாம யாருடா?

— தனக்குப் போகத்தான் தானமும் தருமமும். உன் நியாயம் எல்லாம் நல்ல கிட்னி ரெண்டு வச்சிருக்கறவனுக்கு. அவன் பேசட்டும், நான் கேட்டுக்கறேன்.

— என் கிட்னி உனக்குச் சேரும்னா அன்னைக்கே அறுத்துக் கொடுத்திருப்பேனே.

— அதையா சொன்னேன்? அழாத. அழுதா எனக்கும் வருது.

— என்னங்க இது, பிரஷர் இப்படி ஏறுது? மெஷின் கத்துறது காதுல விழலையா? அக்கா தம்பி சண்டையை வீட்டுல வச்சுக்கங்க.

— ஒண்ணுமில்ல சிஸ்டர். எங்கக்காவுக்குத் திடீர்னு ஞானம் வந்துடுச்சு.

— கையை ஆட்டாம படுங்க. ஏங்க, டாக்டர் வெளியில நிக்கிறாரு. பேசி முடிச்சாச்சான்னு உங்களைக் கேக்கச் சொன்னாரு.

— இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லுங்க சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— சொல்றேன். ஆனா அவருக்கும் வேலை இருக்குல்ல.

— அக்கா, அவரு எதுக்கு உன்கிட்டக் கேக்கறாரு?

— அவரு கேப்பாரு. நீ சொல்லு. அடுத்த குட்டி வளர்ற வரைக்கும் காத்திருந்தா என்ன?

— எவ்வளவு நாள்?

— பத்து மாசம்.

— இந்த நரம்பு பத்து வாரம் தாங்காது. என் பொண்ணு இப்ப தண்ணி குடிக்கணும்னா சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னு குடிக்கறா. எனக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான்னு அவளுக்குத் தெரியும். ஏழு வயசுக்கா! நேத்து கேக்கறா, 'ஆபரேஷன் ஆயிட்டா நாம ரெண்டு பேரும் சேந்து குடிக்கலாமாப்பா?'ன்னு. ஆமான்னு சொல்லியிருக்கேன். எனக்கு சாவுன்னா பயமா இருக்குக்கா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரொம்பப் பயமா இருக்கு.

— ஐயோ, என்னைக் கொல்லாதடா.

— இரு. என் மூஞ்சியைப் பாரு. இது பன்னிமேல உள்ள பாசம் இல்லை. உன் திருட்டு முழி எனக்குத் தெரியாதா? என்ன பண்ணித் தொலைச்ச?

— ஆபரேஷனுக்குன்னு வேற அறைக்கு மாத்துனாங்க. மிரண்டுடுச்சு. மூணு நாளா ஒரு வாய் திங்கலை. எடை குறைஞ்சா ஆபரேஷனைத் தள்ளி வச்சிடுவோம்னாங்க. எனக்கு உன் கை நரம்புதான் கண்ணுல நின்னுது.

— சரி, அதுக்கு?

— குளிச்சு, உடுப்பு மாத்தி, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணும். பொறந்ததுலேருந்து அது ஒரு முழு மூஞ்சியைப் பாத்ததில்லை. நேத்து சாயங்காலம் நான் எல்லாத்தையும் கழட்டிட்டேன். அது மூக்கோட மூக்கு வச்சு, 'சாப்பிடு கண்ணு, என் தம்பிக்காகச் சாப்பிடு'ன்னு கெஞ்சினேன். என் வாயையே மோந்து பாத்துச்சு. அப்புறம் தட்டைக் காலி பண்ணிடுச்சுடா.

— கவசம் இல்லாமலா?

— எனக்குத் தொண்டை வேற கரகரன்னு இருந்தது.

— யாராவது பாத்தாங்களா?

— இல்லை.

— அப்ப வாயைத் தெச்சுக்க. நீ கழட்டலை, நான் கேக்கலை. முடிஞ்சுது.

— எப்படிடா முடியும்? ஆபரேஷன் பண்ணதும் உன் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கிடுவாங்க. என் தொண்டையில இருந்தது அது வழியா உனக்குள்ள வந்தா நீ ஒரு வாரம் தாங்க மாட்ட.

— தாங்குவேன். தாங்கலைன்னா போறேன், அது என் பாடு. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன? என் பொண்ணு மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு. பண்ணுக்கா.

— காலையிலேயே டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்டா. நீயா வேண்டாம்னுட்டா உனக்கு இது தெரியாமலே போகட்டும்னுதான் அவர்கிட்ட நேரம் கேட்டு வந்தேன். எட்டு மணிக்கு அதை ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க, நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன்.