ஏழாவது கேள்வி

இல்லம்மா, டோக்கன் எடுத்துட்டுத்தான் வந்தேன். நாப்பத்தி மூணு. நீ கூப்பிட்டது காதுல விழல. முப்பத்தி நாலு வருஷமா இரும்பு தேய்க்கற கிரைண்டர் சத்தத்துலயே நிக்கறவன். பேரு வெர்ஜில் டாக்கெட். ஹாலோ பெண்ட் உயர்நிலைப் பள்ளியில வெல்டிங் வாத்தியார். மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வரேன். வெள்ளிக்கிழமை எங்க பள்ளிக்கூடம் கிடையாது, வாரத்துக்கு நாலு நாள்தான். வாத்தியாரே கிடைக்கலைன்னா வேற என்ன பண்ணுவாங்க?

வாத்தியார் சான்றிதழுக்கான படிவம் இருக்கு, தரேன். அஞ்சு மணிக்குள்ள தரலைன்னா திங்கக்கிழமை பட்டறைக்குள்ள கால் வைக்க முடியாது. எனக்கும் தெரியும். கொஞ்சம் இரு.

முதல்ல என்ன சொன்னீங்க? பத்து வருஷம் வெல்டிங் பண்ணியிருந்தா போதும்னீங்க. நான் இருபத்தி ரெண்டு வருஷம் எண்ணெய்க் குழாய்க்கு வெல்டு வச்சவன். வந்தேன். அப்புறம் பரீட்சை எழுதுன்னீங்க. ஒன்பதாவதோட நின்னவன்மா நான். ரெண்டு தடவ தோத்து, மூணாவது தடவ தேறினேன். உடனே காலேஜ்ல ஆறு பாடம் படின்னீங்க. நாலு முடிக்கறதுக்குள்ள காலேஜே வேணாம்னுட்டீங்க. முழுச் சான்றிதழ் இருக்கற வாத்தியார் ஒருத்தர், அதே பள்ளிக்கூடத்துக்காரர், வருஷம் பூரா உன்னப் பாத்து கையெழுத்துப் போடட்டும்னீங்க. சிரிக்காத. நீ போட்ட சட்டமில்ல, சரி. ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீதானே உக்காந்திருக்க?

எங்க பள்ளியில முழுச் சான்றிதழ் ஒரே ஒருத்தன்கிட்டதான் இருக்கு. மத்ததெல்லாம் என்னை மாதிரி பின்வாசல் வழியா வந்ததுங்க. அறிவியல் எடுக்கறதே கால்பந்து கோச்சுதான். அந்த ஒருத்தன், ஹார்லன் பிக்ஸ், கணக்கு வாத்தியார். ஒம்போது வருஷமா அவன்கூட நான் பேச்சு வச்சுக்கறதில்ல. சர்ச்சுல அவன் இடப்பக்கம் உக்காந்தா நான் வலப்பக்கம். விருந்துல அவன் பொண்டாட்டி கொண்டுவர்ற பீச் பழக் கேக்கைத் தொடமாட்டேன். ரொம்ப நல்லாருக்குமாம்.

ஏன்னா கேக்கற? டெசான்னு என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, பதினாறு வயசு. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டாம கிரைண்டரப் போட்டுட்டா. இரும்புத் துணுக்கு ஏறி, ஒரு கண்ணுல பாதிப் பார்வை போச்சு. பள்ளி நிர்வாகக் குழு விசாரிச்சப்ப ஹார்லன் எழுந்து நின்னான். அந்த நேரம் டாக்கெட் பட்டறையில இல்ல, வெளிய வண்டியில உக்காந்திருந்தான், என் கிளாஸ் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்னான். பொய்னேன் நான். வேற வெல்டிங் வாத்தியாருக்கு எங்க போறது? என் பேச்சையே ஏத்துக்கிட்டாங்க.

இந்த வருஷம் என்னப் பாத்துக் கையெழுத்துப் போட அவன்தானே வந்தான்! வாரம் ரெண்டு நாள், பின்னாடி ஸ்டூலப் போட்டு உக்காருவான். அவனும் வாயத் திறக்கல, நானும் திறக்கல. யாரு முதல்ல பேசுவான்னு பசங்க பந்தயமே கட்டுச்சுங்க. எவனும் ஜெயிக்கல.

கையெழுத்தா? போட்டுட்டான்மா. செவ்வாக்கிழமை உறையில வச்சு, ஆபீஸ்ல என் தபால் பெட்டியில போட்டுட்டுப் போயிட்டான்.

அதான் சிக்கலே. ஏழாவது கேள்வியப் படி. இவர் தன் பணிக்காலத்தில் மாணவர்களை எப்போதாவது தனியாக விட்டுச் சென்றதுண்டா? இல்லைன்னு குறிச்சிருக்கான், பாரு. ஒம்போது வருஷமா ஊர் பூரா அவனப் பொய்யன் பொய்யன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்பத்தான் அவன் நிஜமாவே ஒரு பொய் சொல்லியிருக்கான். அதுவும் எனக்காக.

கீழ ஒரு கோடு காலியா இருக்கு பாத்தியா, மேலே கண்டவை அனைத்தும் உண்மைன்னு? அது என் இடம். போடலைன்னா பட்டறை போச்சு. போட்டா, இனி அவன எங்க பாத்தாலும் நான்தான் தலையக் குனியணும்.

அஞ்சு நிமிஷம்தான் இருக்கா? சரி சரி. பேனாவா? வேணாம்மா, வச்சிருக்கேன்.

டெசாவுக்கு அடிபட்ட அன்னிக்கு, பேஸ்பால் மேட்ச்சு முடியற நேரம், ஸ்கோர மட்டும் ரேடியோவுல கேட்டுட்டு வந்துடலாம்னுதான் வண்டிக்குப் போனேன். ஏழு நிமிஷம் இருக்கும்.