மூணு தட்டு

இல்லலா டாக்டர், எத்தன தடவ கேட்டாலும் அதே பதிலுதான். இன்னிக்கு இந்தப் பிச்சைமுத்து போட் எடுக்க மாட்டான். தெலுக் பஹாங் மலைக்குப் பின்னால பாருங்க, எப்படிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு.

மழையா? மழைக்கு யாரு பயந்தா? டைவ் அடிக்கப் போறவன் நனைஞ்சா என்ன, நனையாட்டி என்ன. கொட்டுற மழையில எத்தனையோ பேரப் பாயார் தீவுக்குக் கொண்டு போயிருக்கேன். நான் சொல்றது இடி மின்னல. கால எடுங்க, இந்தக் கயித்தச் சுருட்டிர்றேன்.

தெரியும், தெரியும். நாளைக்குக் கோலாலம்பூர் போவணும், லீவு முடிஞ்சிருச்சு. அதுக்கு வானம் என்னா பண்ணும்?

நீங்க உக்காருங்க. நான் நிக்கிறேன். இந்த மாதிரி இருட்டிக்கிட்டு வந்தா எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாது.

கடல்ல மின்னல் அடிச்சா மேல் தண்ணியிலதான் பரவும், கீழ அவ்வளவா போவாது. அதனால இடி கேட்டா எறங்கவே கூடாது. எறங்குன பொறவு வந்துச்சா, சிலிண்டர்ல காத்து இருக்கிற வரைக்கும் கீழயே கெடக்கணும். தலையத் தூக்குறவனுக்குத்தான் ஆபத்து. இப்ப எனக்கு நல்லாத் தெரியும்.

என்னா சொன்னீங்க? இடி வந்தா தட்டுங்க, மேல வந்துர்றேன்னா?

தட்டுறத யாரு ஒங்களுக்குச் சொன்னா? ஆமா, போட் ஏணியில ஸ்பேனரால மூணு தட்டு. கீழ இருக்கிறவனுக்கு நல்லாக் கேக்கும். ஒடனே மேல வான்னு அர்த்தம். எதுக்குன்னு யோசிக்காம வரணும், அதான் எங்க பழக்கம்.

எம்பத்தேழுல ஒரு மத்தியானம். கீழ ஒரு ஆளு, மேல நான் மட்டும். பக்கத்துலயே இடி. ஸ்பேனர எடுத்தேன். தட்டிட்டேன். மூணு. கேக்கலியோன்னு மறுபடி மூணு. சொன்ன பேச்சு கேக்கிறவன், வந்துட்டான். ஏணிகிட்ட தல தெரிஞ்சிச்சு. வாயில காத்துக் கொழாயோட, கைய விரிச்சு என்னான்னு கேட்டான். அப்பத்தான் மின்னல் அடிச்சிச்சு.

அவன போட்ல தூக்கிப் போட்டுட்டு சிலிண்டர் கேஜப் பாத்தேன் டாக்டர். பாதிக் காத்து அப்படியே இருந்திச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

தூறல் போடுது, எந்திரிங்க. நூர்ஜான் கொப்பிக் கடைக்குப் போயிருவோம்.

செத்தது யாரா? தங்கராஜு. என் தம்பிதான், கூடப் பொறந்தவன். ஒங்களுக்குப் பாலு ஊத்துன கொப்பியா, பாலு இல்லாத கொப்பி ஓவா?